கணினியைச் சுத்தம் செய்யும் இலவச மென்பொருள்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலவச கிளீனர்களைப் பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 கணினிகளை மனதில் வைத்து எழுதியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவை செய்வது அழிக்கும் வேலை. எதை அழிக்கப் போகிறது என்று பார்த்துவிட்டு ஓட்டினால் நல்ல கருவி. பார்க்காமல் பெரிய பட்டனை அழுத்தினால், கீழே வரும் பிரச்சினைகளில் ஏதாவது ஒன்று உங்களுக்கும் வரும்.

கிளீனர் உண்மையில் என்ன செய்கிறது?

நாம் வேலை செய்யும்போதே கணினியில் சில கோப்புகள் தானாகச் சேர்ந்துகொண்டிருக்கும். பார்த்த பக்கங்களின் படங்களைப் பிரவுசர் கேஷில் வைத்துக்கொள்ளும். இன்ஸ்டாலர்கள் டெம்ப் ஃபோல்டரில் கோப்புகளைப் பிரித்துப் போட்டு அப்படியே விட்டுவிடும். விண்டோஸ் அப்டேட் தான் இறக்கியதைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும். ஒரு புரோகிராம் திடீரென நின்றால் அதைப் பற்றி ஒரு பிழை அறிக்கை எழுதப்படும். இந்த இடங்களின் பட்டியல் ஒன்று கிளீனரிடம் இருக்கிறது. அங்கே போய், இருப்பதை அழிக்கிறது. அதில் எது உங்களுக்கு முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. டிக் போட்டிருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

கிளீனர் போட்டால் கணினி வேகமாகுமா?

பெரும்பாலும் ஆகாது. சி டிரைவ் நிரம்பி வழிகிறது என்றால் மட்டும் வித்தியாசம் தெரியும். விண்டோஸுக்கு அப்டேட் செய்யவும் நினைவகத்தில் கொள்ளாததை எழுதி வைக்கவும் காலி இடம் வேண்டும். அது இல்லாமல் திணறும் கணினிக்கு இடம் கிடைத்தால் மூச்சு வரும். ஆனால் பாதி காலியாக இருக்கும் டிரைவில் இரண்டு ஜிபி கேஷை அழிப்பதால் எதுவும் மாறாது. சொல்லப்போனால் அடுத்த சில நாள் பிரவுசர் கொஞ்சம் மெதுவாகவே இருக்கும். அழித்த படங்களை எல்லாம் அது மறுபடியும் இறக்க வேண்டும் அல்லவா?

வேகம்தான் பிரச்சினை என்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். 'ஸ்டார்ட்அப்' பகுதியில், கணினி ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள் வரிசையாக இருக்கும். தேவையில்லாதவற்றை அங்கேயே டிசேபிள் செய்யலாம். எதுவும் அழியாது, வேண்டும்போது திரும்ப ஆன் செய்துகொள்ளலாம். பழைய சுழலும் ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் இருந்தால் அதை எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிரைவ்) மாற்றுவது தரும் வேகத்தை எந்தக் கிளீனராலும் தர முடியாது.

விண்டோஸிலேயே சுத்தம் செய்யும் வசதி இருக்கிறதாமே? வெளியிலிருந்து ஒன்று தேவையா?

பலருக்குத் தேவையே இல்லை. டிஸ்க் கிளீனப் விண்டோஸ் 98 காலத்திலிருந்தே இருக்கிறது. 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து ஸ்டோரேஜ் சென்ஸும் சேர்ந்துகொண்டது. செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ஸ்டோரேஜ்' என்று போனால் எந்த வகைக் கோப்புகள் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று காட்டும். 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்பதைத் தொட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக் பெட்டியும் ஒரு விளக்கமும் வரும். அப்டேட்டின் மிச்சங்களை அழிப்பதற்கு இதைவிட நம்பகமான வழி கிடையாது, அவற்றை உருவாக்கிய விண்டோஸே அழிக்கிறது.

அப்படியானால் வெளி மென்பொருள் எதற்கு? பல பிரவுசர்கள், படக் கருவிகள், வீடியோ பிளேயர்கள் என ஒவ்வொன்றும் சேர்த்து வைத்ததை ஒரே இடத்தில் பார்த்து அழிக்க அது வசதி. அந்த வசதி வேண்டும் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிளீச்பிட். ஓப்பன் சோர்ஸ் (மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்), விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், பணம் கட்டச் சொல்லி நச்சரிக்காது. சிகிளீனர் பலருக்குப் பழகிய பெயர்; அதன் இலவசப் பதிப்பும் இந்த வேலைக்குப் போதும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கிருந்து இறக்குவது? போலி இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தயாரித்தவர்களின் தளத்திலிருந்து மட்டும். தேடுபொறியில் பெயரைத் தட்டியதும் மேலே வரும் முதல் இரண்டு முடிவுகள் விளம்பரமாக இருக்கலாம். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். அதைத் தாண்டிப் போங்கள். பொதுவான டவுன்லோட் தளங்களில் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு பச்சை நிற 'டவுன்லோட்' பட்டன்கள் இருக்கும், அவற்றில் ஒன்றுதான் உண்மையானது. அந்த வம்பே வேண்டாம்.

இறக்கிய பிறகு, ஓட்டுவதற்கு முன், கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். தயாரித்த நிறுவனத்தின் பெயர் அங்கே இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் மென்பொருளில் அந்தப் பகுதியே இல்லை என்றாலோ, வேறு ஏதோ பெயர் இருந்தாலோ அழித்துவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையா, வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல ஆண்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும்.

இன்ஸ்டால் செய்யும்போது எங்கே ஏமாறுகிறார்கள்?

'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்தும் வேகத்தில். திரையின் நடுவில் பெரிய நீல நிற 'இன்ஸ்டால்' பட்டன் இருக்கும். அதற்குக் கீழே மங்கிய சாம்பல் எழுத்தில் 'கஸ்டமைஸ்' என்று ஒரு சொல், பட்டன் மாதிரியே தெரியாது. அதைத் தொட்டால்தான் கணினி ஆன் ஆகும்போதே ஓடுவது, பின்னணியில் கண்காணிப்பது, இன்னொரு பிரவுசரையோ ஆண்டிவைரஸையோ கூடவே போடுவது எல்லாம் டிக் போட்டபடி வெளியே வரும். சில இன்ஸ்டாலர்களில் கூட வரும் மென்பொருளுக்கு ஒரு தனித் திரையே இருக்கும்; அதில் 'அக்செப்ட்', 'டிக்ளைன்' என்று இரண்டு பட்டன்கள். டிக்ளைன் அழுத்தினால் இன்ஸ்டாலே நின்றுவிடுமோ என்று பயந்து அக்செப்ட் கொடுப்பவர்கள் நிறைய. நிற்காது. தைரியமாக டிக்ளைன் கொடுங்கள்.

போர்ட்டபிள் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள். இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, பின்னணியில் எதுவும் ஓடாது, வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே எடுத்தால் முழுப் பாதுகாப்புதானே?

மிகப் பெரும்பாலும் ஆம். முழுக்க என்று சொல்ல முடியாததற்குக் காரணம் 2017-இல் சிகிளீனருக்கு நடந்தது. அதைத் தயாரித்த பிரிஃபார்ம் நிறுவனத்தின் கணினிகளுக்குள் யாரோ புகுந்து, 5.33 என்ற பதிப்பின் 32-பிட் கோப்புக்குள் தீநிரலை (மால்வேர்) சேர்த்துவிட்டார்கள். அந்த ஆகஸ்ட் 15 முதல் செப்டம்பர் 12 வரை அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே அது மக்களுக்குப் போனது. டிஜிட்டல் கையொப்பமும் உண்மையானதாகவே இருந்தது. சுமார் 22.7 லட்சம் பேரின் கணினிகளில் அது ஏறியிருந்தது. தாக்கியவர்களின் உண்மையான குறி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள். இரண்டாம் கட்டத் தீநிரல் போய்ச் சேர்ந்தது 40 கணினிகளுக்கு மட்டும். மற்றவர்கள் பெரிய சேதமில்லாமல் தப்பினார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, சிகிளீனரைத் தொடாதே என்பது அல்ல. கணினியின் எல்லா மூலைகளுக்கும் போக அட்மின் உரிமை வாங்கிக்கொள்ளும் ஒரு மென்பொருளை, ஆண்டுக்கு நான்கு முறை மட்டும் தேவைப்படும் ஒன்றை, ஆண்டு முழுவதும் பின்னணியில் ஓடவிட வேண்டாம் என்பதுதான். 2018-இல் இதே மென்பொருளின் 5.45 பதிப்பில், பின்னணிக் கண்காணிப்பை நிறுத்தவே வழியில்லாமல் போய், பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. செட்டிங்ஸில் 'ஸ்மார்ட் கிளீனிங்', 'ஆக்டிவ் மானிட்டரிங்' போன்ற பெயர்களில் இருப்பவற்றை அணைத்துவிடுங்கள். தேவைப்படும்போது திறங்கள், முடிந்ததும் மூடுங்கள்.

எதற்கெல்லாம் டிக் போடலாம்? எதைத் தொடக்கூடாது?

முதலில் 'கிளீன்' அழுத்தாதீர்கள். 'அனலைஸ்' அல்லது 'பிரிவ்யூ' என்று ஒன்று இருக்கும். அது எதையும் அழிக்காமல் பட்டியலை மட்டும் காட்டும். அதில் ஒரு வரியை இருமுறை கிளிக் செய்தால் எந்த ஃபோல்டர், என்ன கோப்பு என்று விரியும். பெரிய எண்ணிக்கை இருக்கும் வரிகளையாவது விரித்துப் பாருங்கள். ஒரு முறை ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும், அடுத்த முறை அதே டிக்குகள் அப்படியே இருக்கும்.

தயங்காமல் அழிக்கலாம் என்பவை: பிரவுசர் கேஷ், டெம்ப் ஃபோல்டரில் ஒரு நாளைக்கு மேல் பழையவை, பிழை அறிக்கைகள், தம்ப்நெயில் கேஷ். தம்ப்நெயில் போனால் படங்கள் நிறைந்த ஃபோல்டரை அடுத்த முறை திறக்கும்போது சிறு படங்கள் ஒவ்வொன்றாக வரும், அவ்வளவுதான். டெம்ப் விஷயத்தில் '24 மணி நேரத்துக்கு மேல் பழையவை மட்டும்' என்ற அமைப்பை எடுத்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு பாதியில் விட்ட வேலையைத் தொடர சில இன்ஸ்டாலர்கள் அங்கேதான் கோப்புகளை வைத்திருக்கும்.

யோசித்துப் போட வேண்டியவை வேறு. பிரவுசரின் கீழ் 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்', 'ஃபார்ம்' தகவல்கள், 'செஷன்' என்று இருக்கும். கடைசியாகச் சொன்னதை அழித்தால் திறந்து வைத்திருந்த டேப்கள் எல்லாம் போகும். பாஸ்வேர்டுகள் போனால் சொல்லவே வேண்டாம். ரீசைக்கிள் பின்னை நீங்களே ஒரு முறை திறந்து பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். பலர் அதை ஒரு சேமிப்பு இடமாகவே வைத்திருக்கிறார்கள். கணினி நீலத் திரையில் நின்றுபோகும் தொல்லை இருந்தால் 'மெமரி டம்ப்' கோப்புகளையும் ஈவென்ட் லாக்கையும் இப்போதைக்கு விட்டுவையுங்கள், காரணம் கண்டுபிடிக்க அவைதான் ஆதாரம். 'பழைய ப்ரிஃபெட்ச்' என்ற வரியை அழிப்பதால் லாபமே இல்லை. புரோகிராம்கள் சீக்கிரம் திறக்க விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது, எண்ணிக்கை மிகாமல் அதுவே பார்த்துக்கொள்ளும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' என்றும் 'இன்ஸ்டாலர்' என்றும் இரண்டு ஃபோல்டர்கள் இருக்கும். கையால் நுழைந்து எதையும் அழிக்காதீர்கள். முதலாவது பார்ப்பதற்கு மிகப் பெரியதாகத் தெரியும். ஆனால் அதிலுள்ள பல கோப்புகள் வேறு இடத்தில் இருக்கும் அதே கோப்புக்கான இன்னொரு பெயர்தான், எக்ஸ்ப்ளோரர் இரண்டு முறை எண்ணிக் காட்டுகிறது. அதன் பழைய பதிப்புகளை நீக்க டிஸ்க் கிளீனப்பிலேயே வழி உண்டு. இரண்டாவதை அழித்தால் இன்று எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு புரோகிராமை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது அதற்கு வேண்டிய கோப்பு இல்லை என்று நிற்கும். காரணம் எது என்று அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

சுத்தம் செய்ததும் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் காலி. எப்படி?

2018-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில், டிஸ்க் கிளீனப்பின் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஒரு வரியாகச் சேர்ந்தது. எல்லா வரிகளுக்கும் டிக் போட்டுப் பழகியவர்கள் அதற்கும் போட்டுவிட்டார்கள். பிறகு அங்கிருந்து அதை எடுத்துவிட்டார்கள், ஆனால் செட்டிங்ஸின் டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸ் இன்றும் இருக்கிறது. சில வெளிக் கிளீனர்களிலும் உண்டு. பலர் வேலை, படிப்பு சம்பந்தமான ஆவணங்களை அங்கேயே விட்டு வைப்பதால் இந்த ஒரு டிக் தரும் வேதனை பெரியது. இப்போதே டாக்குமென்ட்ஸுக்கோ வேறு டிரைவுக்கோ நகர்த்திவிடுங்கள்.

அழிந்த கோப்பை மீட்க முடியுமா?

கிளீனர் அழித்தவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. ஆனாலும் முயற்சி செய்யலாம். முதல் வேலை, அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் இருப்பது: புதிய மென்பொருள் வேண்டாம், வீடியோ பார்ப்பது வேண்டாம். ஒன்டிரைவ் போன்ற கிளவுட் சேவை ஓடிக்கொண்டிருந்தால் அதன் இணையதளத்தில் இருக்கும் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்தது, ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'பிரீவியஸ் வெர்ஷன்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டும் இல்லையென்றால் மீட்புக் கருவி. ரெகுவா எளிது. மைக்ரோசாஃப்டே 2020-இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரெகவரியும் இலவசம், ஆனால் கட்டளை தட்டிப் பழகியவர்களுக்குத்தான் வசதிப்படும். எதுவானாலும் மீட்ட கோப்பை வேறொரு டிரைவில்தான் எழுத வேண்டும். இன்னொன்று, ஹார்டு டிஸ்கில் கிடைக்கும் வாய்ப்பு எஸ்எஸ்டியில் கிடைக்காது. டிரிம் என்ற வசதி மூலம், அழிக்கப்பட்ட இடம் எது என்பதை விண்டோஸ் உடனே எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அது அந்த இடத்தைத் துடைத்துவிடும். எஸ்எஸ்டியில் பேக்கப் இல்லாமல் கிளீனர் ஓட்டுபவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலைதான்.

ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

ரிஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதிலுள்ள புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதி வைக்கும் தரவுத்தளம். எந்த வகைக் கோப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும், எந்த டிரைவர் (பிரிண்டர், வைஃபை போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்) எங்கே இருக்கிறது, எந்தச் சேவை எப்போது தொடங்க வேண்டும் எல்லாம் அதில்தான். லட்சக்கணக்கான பதிவுகள் இருக்கும். நீக்கிய ஒரு புரோகிராம் விட்டுச் சென்ற பதிவுகள் அதில் எஞ்சியிருப்பது உண்மை. ஆனால் அவை சில கிலோபைட் அளவுதான். விண்டோஸ் ரிஜிஸ்ட்ரியை முதலிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டிருப்பதில்லை, தனக்கு வேண்டிய பதிவை நேராகப் போய் எடுத்துக்கொள்கிறது. ஆகவே பயனற்ற பதிவு ஐந்நூறு இருந்தாலும் வேகம் குறையாது, அவற்றை நீக்கினாலும் வேகம் அதிகமாகாது.

ஆபத்து மட்டும் உண்மையானது. ஒரு பதிவு சுட்டும் கோப்பு இப்போது இல்லை என்பதால் அந்தப் பதிவு வீண் என்று கிளீனர் முடிவு செய்கிறது. அந்தக் கோப்பு, நீங்கள் கழற்றி வைத்திருக்கும் வெளி டிரைவில் இருக்கலாம். அல்லது புரோகிராம் தேவைப்படும்போது மட்டும் உருவாக்கும் கோப்பாக இருக்கலாம். ரிஜிஸ்ட்ரி கிளீனர்களுக்கு ஆதரவு தருவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. அவற்றால் வரும் கோளாறு சில நேரம் விண்டோஸையே புதிதாகப் போட வேண்டிய அளவுக்குப் போகும் என்றும் எச்சரிக்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. முன்பு விண்டோஸ் தானாகவே ரிஜிஸ்ட்ரியின் நகல் ஒன்றை எடுத்து வைக்கும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அது நின்றுவிட்டது.

ஏற்கனவே செய்துவிட்டேன். ஒரு புரோகிராம் திறக்க மாட்டேன் என்கிறது.

பதற வேண்டாம். ரிஜிஸ்ட்ரி பகுதியை ஓட்டும்போது 'பேக்கப் எடுக்கவா' என்று கேட்டதற்கு ஆம் என்று சொல்லியிருந்தால், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸில் அன்றைய தேதியோடு ஒரு கோப்பு இருக்கும். அதை இருமுறை கிளிக் செய்து சம்மதம் கொடுத்தால் பதிவுகள் திரும்பிவிடும், பிறகு ரீஸ்டார்ட்.

பேக்கப் இல்லையென்றால் அந்தப் புரோகிராமை மட்டும் அதன் மேலேயே மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள். தான் தொலைத்த பதிவுகளை அது மீண்டும் எழுதிக்கொள்ளும். பல புரோகிராம்களில் 'ரிப்பேர்' என்றே ஒரு தேர்வு உண்டு. விண்டோஸின் சொந்தப் பகுதிகளே சரியாக வேலை செய்யவில்லை என்றால் சிஸ்டம் ரீஸ்டோர். ஸ்டார்ட் மெனுவில் 'ரெகவரி' என்று தேடினால் வரும். பழைய தேதிக்குப் போனால் உங்கள் ஆவணங்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட புரோகிராம்களும் டிரைவர்களும் மட்டும் போய்விடும்.

விண்டோஸ் உள்ளே வரவே இல்லையா? ஆன் செய்து, விண்டோஸ் ஏறத் தொடங்கும்போது பவர் பட்டனை விடாமல் அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை தொடர்ந்து செய்தால் அடுத்த முறை பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று போனால் சிஸ்டம் ரீஸ்டோர் அங்கேயும் இருக்கும்.

ஒரு தடங்கல் உண்டு: பல கணினிகளில் சிஸ்டம் ரீஸ்டோர் தொடக்கத்திலிருந்தே அணைந்திருக்கும். கிளீனரைத் தொடுவதற்கு முன்பே 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்' என்று தேடித் திறந்து, சி டிரைவுக்கு 'ப்ரொடக்‌ஷன்' ஆன் ஆக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட்டை உருவாக்கி வையுங்கள். கிளீனரின் பட்டியலில் பழைய ரீஸ்டோர் பாயின்ட்களை அழிக்கும் வரி இருந்தால் அதன் டிக்கை எடுத்துவிடுங்கள்.

எல்லாத் தளங்களிலிருந்தும் லாக்அவுட் ஆகிவிட்டேனே?

குக்கிகள் அழிந்திருக்கின்றன. நீங்கள் யார் என்பதைத் தளம் நினைவில் வைக்கும் சீட்டு அவைதான். மறுபடி லாகின் செய்தால் சரியாகிவிடும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்திருந்தால் குறியீடு கேட்கும். அடுத்த முறை குக்கி டிக்கை எடுத்துவிடுங்கள், அல்லது அன்றாடம் போகும் தளங்களை 'வைத்திருக்க வேண்டிய குக்கிகள்' பட்டியலில் சேருங்கள். குக்கிகள் பிடிக்கும் இடம் மிகக் குறைவு, இடத்துக்காக அவற்றை அழிப்பதில் அர்த்தமில்லை.

சில கோப்புகளை நீக்க முடியவில்லை என்கிறது. பாதியிலேயே நின்றும் விடுகிறது.

இரண்டும் வேறு வேறு. முதலாவதற்குக் காரணம், அந்தக் கோப்பை ஏதோ ஒரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. பிரவுசரை மூடிவிட்டேனே என்பீர்கள். திரையின் கீழ் வலது மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள். ஜன்னலை மூடிய பிறகும் பிரவுசரின் ஐகான் அங்கே உட்கார்ந்திருக்கலாம். குரோமில் செட்டிங்ஸுக்குள் 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் தேர்வை அணைக்கலாம். எட்ஜில் அதோடு 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்பதையும் அணைக்க வேண்டும். ரீஸ்டார்ட் செய்து எதையும் திறக்காமல் முதல் வேலையாகக் கிளீனரை ஓட்டினாலும் சரியாகிவிடும். அப்படியும் ஒன்றிரண்டு கோப்பு அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள்.

பல மணி நேரம் ஒரே சதவீதத்தில் நின்றால், 'வைப் ஃப்ரீ ஸ்பேஸ்' என்ற வரிக்கு டிக் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலி இடம் முழுவதையும் வெற்றுத் தகவலால் நிரப்பி அழிக்கும் வேலை அது. பெரிய டிரைவில் நாள் முழுவதும்கூட ஓடும். பாதியில் பிடுங்கினால் நிரப்பிய பெரிய கோப்பு அப்படியே தங்கி, டிரைவ் முழுக்க நிரம்பியதாகக் காட்டும். அப்படி ஆனால் அதே கிளீனரை மறுபடி திறந்து அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு டிரைவைத் திறந்ததும் முதலில் தெரியும் இடத்திலும் டெம்ப் ஃபோல்டரிலும் மிகப் பெரிய கோப்பு எது என்று தேடி அதை நீக்குங்கள்.

'35 முறை அழித்தெழுது' என்று ஒரு தேர்வு இருக்கிறதே?

1996-இல் பீட்டர் கட்மன் என்ற ஆராய்ச்சியாளர் அன்றைய பல வகை டிஸ்குகளையும் கணக்கில் எடுத்து எழுதியது அந்த 35. இன்றைய டிஸ்குக்கு அது வீண் என்று அவரே பின்னர் சொல்லிவிட்டார். ஹார்டு டிஸ்கில் ஒரு முறை போதும். எஸ்எஸ்டியில் ஒரு முறைகூட வேண்டாம்: எழுதும்போது அது வேறு செல்களில் எழுதக்கூடும் என்பதால் பழையது அழிந்தது என்று உறுதியில்லை, தேய்மானம் மட்டும் மிச்சம். கணினியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் டிரைவை முதலிலேயே என்கிரிப்ட் செய்து வைத்திருப்பதும், விண்டோஸின் 'ரீசெட்' மூலம் எல்லாவற்றையும் நீக்குவதும் நல்ல வழி.

ஸ்கேன் செய்ததும் ஆயிரத்துக்கு மேல் 'பிழைகள்' காட்டுகிறது. சரிசெய்யப் பணம் கேட்கிறது.

கொடுக்காதீர்கள். ஒவ்வொரு குக்கியையும் ஒரு 'அச்சுறுத்தல்' என்று எண்ணினால் எந்தக் கணினியிலும் ஆயிரம் வரும். சிவப்பு நிறமும் அலறும் வட்டமும் உங்களைப் பயமுறுத்தி அவசரப்படுத்தத்தான்.

இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் சப்போர்ட்.காம் தயாரித்த ஒரு சோதனை மென்பொருளை வாடிக்கையாளர் கணினிகளில் ஓட்டினார்கள். ஸ்கேன் தொடங்கும் முன், கணினி மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போன்ற கேள்விகளுக்கு டிக் போடச் சொல்லும். ஒரு டிக் விழுந்தாலே போதும், ஸ்கேனில் என்ன கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தீநிரலின் அறிகுறி இருப்பதாக முடிவு வரும் என்று அந்நாட்டின் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2019-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டன. பெரிய கடையில் நேருக்கு நேர் நடந்ததே இப்படி என்றால், முகம் தெரியாத ஒரு பாப்அப் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்?

ஏற்கனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் வங்கியிடம் சொல்லுங்கள். தானாகப் புதுப்பிக்கும் சந்தாவாக அது இருக்கலாம். தொலைவிலிருந்து யாரையாவது கணினிக்குள் அனுமதித்திருந்தால் வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.

டிரைவர்களையும் அதுவே அப்டேட் செய்கிறேன் என்கிறது.

வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டும் கணினித் தயாரிப்பாளரின் தளமும் போதும். பொருந்தாத டிரைவரால் ஒலியோ வைஃபையோ போய்விட்டால், டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள்.

ஆண்டிவைரஸ் கிளீனரைத் தடுக்கிறது. பிழையான எச்சரிக்கையா?

எச்சரிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். 'தேவையற்றதாக இருக்கக்கூடிய செயலி' என்ற வகையில் வந்தால் அது வைரஸ் என்று பொருள் இல்லை; கூடவே வேறு மென்பொருளை இழுத்து வருகிறது என்பது போன்ற காரணம் இருக்கும். 2020-இல் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் சிகிளீனரின் இலவச இன்ஸ்டாலரையே இந்த வகையில் சேர்த்தது. 'ட்ரோஜன்' என்று வந்தால் கதை வேறு: உடனே அழியுங்கள். எப்படியானாலும், 'இன்ஸ்டால் செய்ய ஆண்டிவைரஸை அணையுங்கள்' என்று கேட்கும் கிளீனரைப் போடவே கூடாது.

கிளீனரையே அன்இன்ஸ்டால் செய்ய முடியவில்லை.

முதலில் டாஸ்க் மேனேஜரில் அது ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பிறகு செட்டிங்ஸின் 'ஆப்ஸ்' பகுதியிலிருந்து நீக்குங்கள். முடியவில்லையென்றால் சேஃப் மோடில் (மிகத் தேவையானவை மட்டும் ஓடும் நிலை) நுழைந்து முயலுங்கள். நீக்கிய பிறகும் பாப்அப் வந்தால் டாஸ்க் ஷெட்யூலரில் அதன் பெயரில் ஒரு வேலை எஞ்சியிருக்கும், அதை அழியுங்கள். பிரவுசரின் முகப்புப் பக்கமோ தேடுபொறியோ மாறியிருந்தால் மால்வேர்பைட்ஸின் இலவச ஆட்வ்கிளீனரை ஒரு முறை ஓட்டுங்கள்.

மேக், லினக்ஸுக்கு?

மேக்கில் 'ஸ்டோரேஜ்' பகுதியே போதும், தனிக் கிளீனர் வாங்க வேண்டியதில்லை. லினக்ஸில் பிளீச்பிட்டை ரூட் (அட்மின்) உரிமையோடு திறக்காமல் சாதாரணப் பயனராகவே ஓட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓட்டலாம்? ஓட்டினாலும் இடம் மறுபடி நிரம்பிவிடுகிறதே?

நாள் கணக்கு தேவையில்லை. டிரைவில் காலி இடம் பத்தில் ஒரு பங்குக்கு அருகில் வரும்போது பார்த்தால் போதும். வாராவாரம் ஓட்டியும் நிரம்புகிறது என்றால் காரணம் கேஷ் இல்லை, வேறெங்கோ பெரிய கோப்புகள் இருக்கின்றன. விண்டிர்ஸ்டாட் அல்லது விஸ்ட்ரீ போன்ற இலவசக் கருவி, எந்த ஃபோல்டர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று படம்போல் காட்டிவிடும். வழக்கமாக அங்கே தென்படுபவை: ஃபோனின் பழைய பேக்கப்கள், மெசேஜ் செயலிகள் சேர்த்த வீடியோக்கள், மறந்துபோன கேம்கள், கிளவுட் சேவையின் உள்ளூர் நகல்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு வரும் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் பல ஜிபி இருக்கும். அது பத்து நாளில் தானே போய்விடும், அதுவரை பழைய பதிப்புக்குத் திரும்ப அதுதான் வழி. ஹைபர்னேட் (திறந்திருப்பதை எல்லாம் டிரைவில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) பயன்படுத்தாதவர்கள் அதை அணைத்தால் நினைவக அளவுக்கு ஏற்பச் சில ஜிபி ஒரே நொடியில் கிடைக்கும். அணைப்பதற்கு, கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து powercfg /hibernate off என்று கொடுக்க வேண்டும். கணினி சீக்கிரம் ஆன் ஆக உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் அதோடு போய்விடும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.